ஏற்காட்டு மலைக்கிராமத்தில் 'காந்தி' படம் போடுவது எப்படி

மூன்று மணி நேரம் பதினோரு நிமிடம். ரிச்சர்ட் அட்டன்பரோ 1982இல் எடுத்த 'காந்தி' படத்தைப் போட வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். தலைமை ஆசிரியர்கள் பலரும், "ஒன்றரை மணி நேரத்தில் முடிஞ்சிருமா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். முடியாது. ஒரே மூச்சில் ஓட்டினால் பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிடும், பெரியவர்கள் சமையலுக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு சாயங்காலமாகப் பிரித்துப் போடுங்கள்.

எனக்குச் சேலம் கோரிமேட்டில் மைக்செட், புரொஜெக்டர் வாடகைக் கடை. பிறந்தது அம்மாப்பேட்டையில், தறிக்குடும்பம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். ஆனால் காந்தி ஜெயந்தியை ஒட்டி மலையேறி இந்தப் படத்தைப் போடுவது மட்டும் எனக்குப் பிடித்துச் செய்கிற வேலை. நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ நீங்களே போட நினைத்தால், இது உதவும்.

முதலில் அனுமதி. கடையில் வாங்கும் டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்குத்தான். ஆனால் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பள்ளிகளுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. பள்ளி நடவடிக்கையின் பகுதியாக, மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் போடலாம். மலைக்கிராமத்தில் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்தாலே பாதி ஊர் வந்த மாதிரிதான். ஊர் முழுக்க நோட்டீஸ் அடித்துப் பொதுமக்களைக் கூப்பிடுவதாக இருந்தால் கதை வேறு. உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். மைக்குக்குக் காவல் நிலையத்தில் தனியாக அனுமதி. கூம்பு ஒலிபெருக்கி கட்டவே கூடாது, பாக்ஸ் ஸ்பீக்கர் மட்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி ஓடக் கூடாது என்பதையும் மனதில் வைத்துத் தொடங்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

நாள் என்றால் அக்டோபர் 2தான் வசதி. காலையில் கிராம சபை இருக்கும், ஊரே ஓரிடத்தில் கூடும், அங்கேயே சாயங்காலக் கதையைச் சொல்லிவிடலாம். டாஸ்மாக்கும் மூடியிருக்கும். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. படம் போடுகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. ஒரே தொல்லை புரட்டாசி மழை. மத்தியானம் வரை வெயில் அடித்துவிட்டு, நாலு மணிக்கு மேல் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வரும். ஜனவரி 30இல் மழை இருக்காது, ஆனால் காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஆட்கள் தோட்டத்திலிருந்து களைத்து வருவார்கள், களம் முழுக்கப் பழம் காயும், உட்கார இடமிருக்காது, குளிர் வேறு.

எந்த நாளானாலும் திறந்த வெளி வேண்டாம். சமவெளி ஆட்களுக்கு இது புரிவதில்லை. மலையில் மூட்டம் இறங்கினால் புரொஜெக்டர் வெளிச்சம் திரை வரை போகாது. நடுவழியிலேயே வெள்ளையாகப் புகை மாதிரி நிற்கும். வகுப்பறையோ சமுதாயக் கூடமோ பாருங்கள். ஜன்னலை மறைக்கத் துணி வாங்கிச் செலவழிக்காதீர்கள். காப்பி காயப்போடும் படுதா எல்லா வீட்டிலும் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

சாமான் அதிகம் வேண்டியதில்லை. மூவாயிரம் லூமென்ஸ் வெளிச்சத்துக்குக் குறையாத புரொஜெக்டர், பத்தடித் திரை, இரண்டு பாக்ஸ், சின்ன மிக்ஸர், ஒரு மைக். கூடவே ஸ்டெபிலைசர், மலையில் சாயங்காலமானால் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதைவிட முக்கியம் யுபிஎஸ். பல்பு வைத்த புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே விசிறி நின்றுவிடும், பல்பு சூடு தணியாமல் போய்விடும். பல்பு விலை தெரிந்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டால் பாக்ஸில் 'ம்ம்ம்' என்று ஹம் அடிக்கும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்று, கூடத்தில் ஆட்கள் நிறைந்ததும் மூச்சுக்காற்றில் குளிர்ந்த லென்ஸ் மேல் ஆவி படியும். கூட்டம் வருவதற்கு முன்பே புரொஜெக்டரைப் போட்டுச் சூடாக்கி வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வண்டியில் புரொஜெக்டரைக் குட்டியானை லோடு வண்டியின் பின்னால் போடாமல் மடியில் வைத்துக்கொள்வது நல்லது. அடிவாரம் தாண்டியதும் ஏன் என்று தெரிந்துவிடும்.

சரி, படத்துக்கு வருவோம்.

நான் போடுவது ஆங்கிலப் பிரதி. கீழே எழுத்து ஓடினாலும் பெரியவர்களால் அவ்வளவு வேகத்தில் படிக்க முடியாது. அதனால் மைக்கைப் பிடித்துக் கதை சொல்லத்தான் வேண்டும். இதில் ஒரு முறை இருக்கிறது. காட்சி ஓடும்போது அதன் மேல் பேசாதீர்கள். காட்சிக்கு முன்பு இரண்டு வாக்கியம் சொல்லுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். நடிகர்களின் முகத்தைப் பார்த்தே மக்கள் மீதியைப் பிடித்துக்கொள்வார்கள். காந்தியாக வரும் பென் கிங்ஸ்லி அதற்குத் தோதான நடிகர். வயது ஏற ஏறக் குரலும் நடையும் மாறுவதைக் கவனிக்க மொழியே தேவையில்லை.

முதல் விளக்கத்தைத் திரை இருட்டாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். படம் 1948 ஜனவரி 30ஆம் தேதியில், காந்தி சுடப்படும் இடத்தில்தான் தொடங்குகிறது. அதன் பிறகு 1893க்குப் போகும். சொல்லாமல் போட்டால், "ரீலை மாத்திப் போட்டுட்டியா தம்பி?" என்று முன்வரிசைப் பாட்டி ஒருவராவது கேட்பார். தொடர்ந்து வரும் இறுதி ஊர்வலத்தைப் பார்த்துப் பையன்கள் "கிராஃபிக்ஸ்" என்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள். 1981 ஜனவரி 31ஆம் தேதி, உண்மையான ஊர்வலம் நடந்த அதே தேதியில், டெல்லியில் மூன்று லட்சம் பேருக்கு மேல் நிற்க வைத்து எடுத்தது. இதைக் கேட்டதும் அவர்கள் திரையை இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள்.

தென்னாப்பிரிக்கப் பகுதியை அவசரமாகத் தள்ளாதீர்கள். ரயிலிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தூக்கியெறியப்படுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைவிட இங்கே எடுபடுவது பதிவுச்சீட்டுகளை எரிக்கும் காட்சி. போலீஸ்காரன் அடிக்கிறான், காந்தி கீழே விழுகிறார், விழுந்தபடியே கை நடுங்க இன்னொரு சீட்டை எடுத்து நெருப்பில் போடுகிறார். இதற்கு முன்னால் அந்தச் சீட்டு என்ன என்று சொல்லிவிடுங்கள்: இந்தியர்கள் பத்து விரல் ரேகையையும் வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். ஒரு முறை நான் இதைச் சொன்னதும் ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து, "ரேஷன் கடையில வைக்கிற மாதிரியா சார்?" என்றான். கூடமே சிரித்தது. பின்னால் நின்ற ஒரு பெரியவர் மட்டும் சிரிக்காமல், "அங்க ஒரு விரல். இது பத்து விரலும். திருடனுக்கு வைக்கிற மாதிரி" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்க ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் தமிழர்கள் பெயரையும் சேருங்கள். படத்தில் அது சரியாகத் தெரியாது. 1860இல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலே சென்னையிலிருந்து கிளம்பியதுதான். கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனவர்களில் ஏராளமானோர் நம் ஆட்கள். 1913இல் அவர்கள் வேலையை நிறுத்தி, எல்லை தாண்டி நடந்தார்கள். சிறைக்குப் போய் உடல் தேய்ந்து 1914 பிப்ரவரியில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயதுதான். ஊரில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் கஸ்தூரிபாவுடன் சண்டை. ஆசிரமத்தில் கக்கூஸ் சுத்தம் செய்ய மறுக்கும் மனைவியைக் காந்தி கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளப் போகிறார். அப்புறம் தன்னையே பார்த்துக் கூசி நிற்கிறார். பள்ளிக்காரர்கள் சிலர் இதை வெட்டச் சொல்வார்கள், தேசப்பிதாவுக்கு அழகில்லை என்று. வெட்டாதீர்கள். கஸ்தூரிபாவாக வரும் ரோகிணி ஹட்டங்கடி அந்த இடத்தில் குரலை உயர்த்தாமலே ஜெயித்துவிடுவார். பெண்கள் பக்கத்தில் முதலில் சலசலப்பு, "இவரும் வீட்டுல இப்படித்தானா?" என்று ஒரு குரல், கொஞ்சம் சிரிப்பு, பிறகு சத்தமே இருக்காது. காந்தி கோயில் சிலை மாதிரி இல்லாமல் ஆளாகத் தெரிவது இங்கேதான். இதை எடுத்துவிட்டால் படம் பாடப்புத்தகமாகிவிடும்.

இந்தியா வந்தபின் ஒரு சின்னக் காட்சி. ஆற்றில் ஒரு பெண் கிழிந்த துணியை அலசுகிறாள், காந்தி தன் துணியைத் தண்ணீரில் விட அது மிதந்து அவளிடம் போகிறது. அழகான காட்சி. ஆனால் அவர் உடையை மாற்றிய இடம் நம் ஊர்: மதுரை மேல மாசி வீதி, 1921 செப்டம்பர் 22. இதை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடமாட்டேன். துணியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன். இந்தப் படத்தின் உடைகளுக்காகத்தான் பானு அத்தையா ஆஸ்கர் வாங்கினார், இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர். அந்தக் கதர் ஒவ்வொன்றும் எத்தனை முறை துவைத்தது மாதிரி தெரிகிறது என்று பாருங்கள். தறிக்காரன் கண்ணுக்கு அது தெரியும்.

1919 ரவுலட் சட்டத்துக்கு எதிரான கடையடைப்பு வரும்போது படத்தை நிறுத்தியே பேசலாம். படத்தில் தலைவர்கள் உட்கார்ந்திருக்க, வேலைக்காரர் கையிலிருந்து தேநீர்த் தட்டை வாங்கிக் காந்தி தானே கொடுத்தபடி அந்த யோசனையைச் சொல்வார். நிஜத்தில் அது அவருக்குத் தோன்றியது சென்னையில், ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோது. விடியற்காலை அரைத்தூக்கத்தில், கனவு மாதிரி வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ராஜாஜி அப்போதுதான் சேலத்தை விட்டுச் சென்னைக்கு வக்கீல் தொழிலுக்குப் போயிருந்தார். அதற்கு முன் சேலம் நகராட்சித் தலைவர். அடுத்த ஆண்டு நாக்பூர் காங்கிரசில் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானபோது தலைமை நாற்காலியில் இருந்தவரும் சேலத்துக்காரர்தான், சி. விஜயராகவாச்சாரியார். "நம்ம ஊர்க்காரங்க யாருமே படத்துல இல்லையா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். திரையில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இந்த இரண்டு பேரையும் நீங்கள்தான் மைக்கில் கொண்டுவர வேண்டும்.

ஜாலியன்வாலாபாக் வருவதற்கு முன் சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் சுண்டல் கொடுக்க ஏற்பாடு செய்தால் அழாமல் போவார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, குறையுங்கள். 1919 ஏப்ரல் 13, ஆயிரத்து அறுநூற்றைம்பது குண்டுகள், அரசுக் கணக்கிலேயே 379 பேர் சாவு. இதை முன்னாலேயே சொல்லிவிட்டு, காட்சி முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் விசாரணைக் காட்சிக்கு விடுங்கள். அங்கே சுடச் சொன்ன ஜெனரல் டயர் அமைதியாகப் பதில் சொல்வது சுட்டதைவிடப் பயமாக இருக்கும். இந்த இடத்தோடு முதல் நாளை முடித்துவிடலாம் என்று நேரத்தைப் பார்த்துத் தோன்றும். வேண்டாம், பிள்ளைகளை அதோடு இருட்டில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சௌரி சௌராவும் தாண்டி, 1922 அகமதாபாத் வழக்கு வரை போங்கள். கைதி உள்ளே வரும்போது நீதிபதி புரூம்ஃபீல்டு எழுந்து நிற்கிறார், பிறகு ஆறு வருடத் தண்டனை தருகிறார். அங்கே நிறுத்துங்கள். பெரிய பாதி முதல் நாள், சின்னப் பாதி மறுநாள் என்று ஆகும். மறுநாள் பேசவும் நேரம் கிடைக்கும்.

இரண்டாம் நாள் உப்பிலிருந்து தொடங்கும். மளிகைக் கடையில் ஒரு பை கல்லுப்பு வாங்கி மேசை மேல் வையுங்கள். மலைக்காரர்களுக்கு உப்பு எப்போதும் கீழேயிருந்து வந்ததுதான். அதற்கு வரி என்றால் சட்டென்று புரியும். 1930 மார்ச் 12 சபர்மதியில் கிளம்பி, எழுபத்தெட்டுப் பேரோடு சுமார் 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6 தண்டியில் உப்பெடுத்தார். அதே மாதம் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்த நடைக்கு நாமக்கல் கவிஞர் எழுதிய பாட்டு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். நாமக்கல் அன்றைக்குச் சேலம் மாவட்டம். படம் தொடங்கும் முன் நாலு பிள்ளைகளை நிறுத்திப் பாட வைத்துவிட்டால் கூட்டம் தானாக அடங்கும். "இப்ப உப்புக்கு வரி இருக்கா?" என்று யாராவது கேட்பார்கள். ஜிஎஸ்டி கிடையாது என்று சொல்லுங்கள்.

தராசனா உப்பளக் காட்சிதான் இந்தப் படத்தில் மைக்செட்காரனுக்குப் பரீட்சை. வரிசை வரிசையாக ஆட்கள் முன்னே போகிறார்கள், இரும்புப் பூண் போட்ட தடியால் மண்டையில் அடி விழுகிறது, கையைக்கூடத் தூக்குவதில்லை, பெண்கள் இழுத்துப் போய்க் கட்டுப் போடுகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. பாக்ஸில் பேஸ் ஏறியிருந்தால் ஒவ்வொரு அடியும் சண்டைப் படம் மாதிரி 'டம் டம்' என்று விழும், பின்வரிசையில் விசில் கிளம்பும். பேஸைச் சுத்தமாக இறக்கிவிடுங்கள். ட்ரெபிள், அதாவது மெல்லிய மேல் ஒலி, மட்டும் இருந்தால் தடி எலும்பில் படுகிற அந்தக் காய்ந்த சத்தம் அப்படியே கேட்கும், எவனும் விசில் அடிக்க மாட்டான். மைக்கை அணைத்து மேசை மேல் வைத்துவிடுங்கள். இந்தக் காட்சியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

விளக்கம் பிறகு. படத்தில் வரும் வாக்கர் என்ற அமெரிக்க நிருபர் கற்பனை. நேரில் பார்த்து எழுதியவர் யுனைடெட் பிரஸ் நிருபர் வெப் மில்லர். 1930 மே 21. கொட்டகை மருத்துவமனையில் அவர் எண்ணிய காயம்பட்டவர்கள் 320 பேர், இறந்தவர்கள் இரண்டு பேர். காந்தி அப்போது ஏற்கெனவே சிறையில். படத்தில் ஆசாத் தலைமை தாங்குவதுபோல் காட்டுகிறார்கள். உண்மையில் முன்னால் நின்றவர் சரோஜினி நாயுடு. பெண்கள் பக்கம் பார்த்து இதைத் திருத்திச் சொல்லுங்கள்.

வட்டமேசை மாநாட்டை வேகமாகக் கடந்துவிடலாம். கல்கத்தாக் கலவரத்தில் ஓம் பூரி நடிக்கும் ஆள் ரொட்டியைக் காந்தி மேல் எறிந்து, நான் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டேன் என்று கதறும் இடத்துக்கு மட்டும் முன்னுரை வேண்டும். அவன் இந்து, தன் மகனைக் கலவரத்தில் இழந்தவன். அவனுக்குக் காந்தி சொல்லும் வழி: தாய் தகப்பன் இல்லாத ஒரு முஸ்லிம் பிள்ளையை எடுத்து வளர்த்துக்கொள், ஆனால் முஸ்லிமாகவே வளர். அந்த 'முஸ்லிமாகவே' என்பது ஆங்கிலத்தில் சட்டென்று போய்விடும், கூட்டத்துக்கு விழாது. அதனால் அதை முன்கூட்டியே தமிழில் சொல்லி வையுங்கள்.

அம்பேத்கர் ஏன் இல்லை, நேதாஜி ஏன் இல்லை என்று கடைசியில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். அம்பேத்கருக்கும் காந்திக்கும் நடந்த வாதத்தையும், 1932 பூனா ஒப்பந்தத்தையும் இந்தப் படம் தொடவே இல்லை. அது பெரிய குறைதான் என்று ஒத்துக்கொண்டு, வரலாற்று ஆசிரியரிடம் பத்து நிமிடம் மைக்கைக் கொடுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைகள் கையில் மட்டும் மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே பிடித்துக்கொண்டு வாய்க்கருகில் நீட்டுங்கள். கையில் போனால் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்து, அடுத்த பையன், அதற்கடுத்த பையன் என்று ஒன்பதரை வரை அதுதான் நடக்கும்.